அமாவாசைக்கு மட்டும்

போனில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

"வேண்டாம்மா. அந்தத் தாளை ஒட்டாதீங்க. ஒட்டியிருந்தா இப்பவே போய்க் கிழிச்சிருங்க."

எதிர்முனையில் இருந்தவர் கவிதா. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மருந்தாளுநர். அன்று காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். வெள்ளைத் தாளில் சிவப்பு மையில், 'வலிப்பு நோயாளிகள் கவனத்திற்கு: அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மாத்திரையைத் தவறவிடாதீர்கள்' என்று அழகான கையெழுத்து. மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். குழுவில் பலர் கைதட்டியிருந்தார்கள்.

"நல்லதுதானே சார் எழுதியிருக்கேன்? அமாவாசைக்கு வலிப்பு வருதோ இல்லையோ, அன்னைக்கு மாத்திரை போட்டா நல்லதுதானே?"

"நானும் அப்படி நினைச்சுத்தாம்மா சொன்னேன்."

"என்னாச்சு சார்?"

போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் பழனியப்பன். இலுப்பூர்க்காரன். மதுரையில் இரண்டு வருடம் மருந்தியல் பட்டயம், திருமயம் பக்கம் ஒன்பது வருட வேலை, அதன்பின் ஓய்வு பெறும்வரை கடலோரத்தில் ஓர் அரசு மருத்துவமனை. அதன் பெயர் வேண்டாம். ஜெகதாப்பட்டினத்து மீனவர்களும் உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களின் விவசாயிகளும் வந்து போகிற ஆஸ்பத்திரி. அரசாங்கம் எனக்குக் கொடுத்த பெயர் மருந்தாளுநர். ஜனங்களுக்கு நான் கடைசிவரை 'கம்பவுண்டர் சார்'.

என் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பிவலை அடித்த ஜன்னல். கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. நான் சொல்வது கேட்க வேண்டுமென்றால் வெளியே நிற்பவர் குனிந்து காதை அந்தத் திறப்புக்குக் கொண்டுவர வேண்டும். பின்னால் ஐம்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். சீட்டை வாங்குவேன், டாக்டர் எழுதியதைப் படிப்பேன், மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து எண்ணிச் சின்னக் கவரில் போடுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கவரின் மேல் படம் வரைவேன். காலை மாத்திரை என்றால் சூரியன். இரவு மாத்திரை என்றால் பிறை நிலா. ஒருவருக்கு அரை நிமிடம் கிடைக்கும். அந்த அரை நிமிடத்தில் சொல்லிவிட்டேன் என்றால் என் கடமை முடிந்தது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் செல்வநாயகி அங்கே மருத்துவ அலுவலராக வந்தபோது எனக்கு வயது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அதிர்ந்து பேசமாட்டார். எழுதிக்கொண்டிருக்கும்போது யார் வந்து நின்றாலும் அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். நிமிர்ந்தால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்கமாட்டார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளிடம் 'ஏன்' என்று கேட்கவே மாட்டார்.

"ஏன் மாத்திரை போடலைன்னு கேட்டா பொய்தான் வரும் சார். எப்படிப் போடுறீங்கன்னு கேட்டா உள்ளது வரும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அவர் வந்த பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரியில் வலிப்பு நோயாளிகளுக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே பேச்சைப் பேசினார்கள். "அமாவாசை வந்தாப் போதும் டாக்டரம்மா, கிறுகிறுன்னு வந்து விழுந்துருவான்." "பவுர்ணமி பக்கத்துல வந்துட்டா இவளத் தனியா விடமாட்டோம்."

எனக்கும் அது புதிதல்ல. கடல் ஏறி இறங்குகிறதே, மூளைக்குள் இருக்கும் நீர் ஏறாதா என்று என் தகப்பனார் கேட்பார். டிப்ளமோ படித்தும் அந்தக் கேள்வி எனக்குள் அப்படியேதான் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன்.

"நம்மளே பாத்துருவோம் சார்" என்றார்.

கடைகளில் கொடுக்கும் காலண்டரில் அமாவாசைக்குக் கறுப்பு வட்டமும் பௌர்ணமிக்கு வெள்ளை வட்டமும் இருக்கும் அல்லவா? அது வேண்டாம் என்றார். தேதிகளைத் தவிர எதுவும் இல்லாத தாளை அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தார். வலிப்பு வந்த அன்றே அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். "கறுப்பு வட்டத்தைப் பாத்தா கை தானா அங்கிட்டுப் போயிரும்" என்றார்.

ஆறேழு மாதம் கழித்துத் தாள்களை மேசையில் பரப்பி, பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பார்த்தோம். வட்டங்கள் தெறித்த மழைத்துளி மாதிரி எங்கெங்கோ கிடந்தன. வளர்பிறை, தேய்பிறை, ஏகாதசி, சஷ்டி எல்லாவற்றிலும் இருந்தன. 'அமாவாசை தவறாமல் வரும்' என்று சத்தியம் செய்தவர்களின் தாளில்கூட அப்படித்தான்.

"அப்ப ஏன் மேடம் எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க?"

"அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவுல பதினஞ்சு நாள்தான் சார். எந்தத் தேதிய எடுத்தாலும் ஒரு வாரத்துக்குள்ள ரெண்டுல ஒண்ணு இருக்கும். முன்னாடி வந்தா 'அமாவாசை வரப்போகுது, அதான்'னு சொல்லலாம். பின்னாடி வந்தா 'இப்பதான் போச்சு, அதான்'னு சொல்லலாம். மத்தது மறந்துபோகும்."

ஆனால் ஒரு தாள் எங்களை உட்காரவைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்த பரமசிவத்தின் தாள். அவருடைய வட்டங்கள் ஒன்றுவிடாமல் அமாவாசையன்றோ மறுநாளோ விழுந்திருந்தன. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட வந்தது. பாருங்கள், ஒருவருக்காவது உண்மையாக இருக்கிறதே!

டாக்டர் பரமசிவத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அமாவாசையன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்க, எப்படிச் செய்வீங்க, சொல்லுங்கண்ணே."

அவர் சொன்னார். காலையில் குளிப்பார். இறந்துபோன அப்பாவுக்காக விரதம். காக்கைக்குச் சோறு வைத்து அது எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. காலை மாத்திரை அதோடு போயிற்று. மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. சாயங்காலம் குலதெய்வக் கோயிலுக்குப் போய் அங்கேயே கண்விழிப்பார். பூசாரி கையால் திருநீறு வாங்கிவிட்டால் அன்றைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது. இரவு மாத்திரையும் போயிற்று.

நிலா எதுவும் செய்யவில்லை. இரண்டு வேளை மாத்திரை இல்லை, மத்தியானம்வரை சோறு தண்ணி இல்லை, ராத்திரி தூக்கம் இல்லை. வலிப்பு வராமல் என்ன செய்யும்?

"விரதம் இருங்கண்ணே, கோயிலுக்கும் போங்க. ரெண்டு வேளை மாத்திரையயும் அந்தந்த நேரத்துக்கு ஒரு வாய்த் தண்ணியில போட்டுக்குங்க. கண்விழிப்பு வேண்டாம். அப்பா கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் டாக்டர். அடுத்த அமாவாசை ஒன்றுமில்லாமல் போனது. அதற்கடுத்ததும் போனது. பரமசிவம் எனக்கு ஒரு அரைக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தார்.

தலைகால் புரியாமல் போனது அப்போதுதான். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டேன். எத்தனை வீட்டில் இப்படி விரதமும் விபூதியுமாக மாத்திரையை விடுகிறார்களோ என்று எனக்குள் ஒரு வேகம். ஜன்னலில் வலிப்புச் சீட்டு வந்தால் போதும், மாத்திரைக் கவரை நீட்டிக்கொண்டே சொல்வேன்: "அமாவாசை பௌர்ணமிக்கு மட்டும் விட்டுடாதீங்க!"

டாக்டர் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் சொன்னேன்.

அந்த வருடத்தில்தான் காளிதாஸ் வந்தார். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுத் தொழிலாளி. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். ஐஸ் கட்டியை ஒற்றைக் கையால் இழுக்கிற உடம்பு. கடலில் ஒருமுறை வலிப்பு வந்து பலகையில் விழுந்திருக்கிறார். வெளியே தெரிந்தால் எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள் என்று கூட இருந்தவர்கள் மறைத்துவிட்டார்கள். மனைவி இந்திராணிதான் விடாமல் அழைத்து வந்தார். டாக்டர் தினமும் இரவு ஒரு பினோபார்பிட்டோன் மாத்திரை எழுதினார். கடலுக்குப் போகவே கூடாது என்று தலையில் அடித்த மாதிரிச் சொன்னார். காளிதாஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் என் ஜன்னலுக்கு வந்தார்கள்.

"மாத்திர போட்டா மறுநாளு கண்ணு சொக்குது சார். படகுல நிக்க முடியல" என்றார் காளிதாஸ்.

"கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல?"

"போவாம சோத்துக்கு என்ன சார் பண்றது?"

பின்னால் கூட்டம் கத்தியது. அவரை டாக்டரிடம் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். "பழகப் பழகச் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு, கவரில் பிறையை வரைந்து நீட்டினேன். கூடவே அந்த வாசகம். "அமாவாசை பௌர்ணமிக்கு மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விட்டுடாதீங்க."

இந்திராணி குனிந்து, காதை அந்தத் திறப்பில் வைத்து, கவனமாகக் கேட்டார். "சரிங்க சார், விடமாட்டோம்" என்றார்.

அதன்பின் மாதாமாதம் வர வேண்டியவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தார். பதிவேட்டில் இடைவெளி எனக்குத் தெரியாமல் இல்லை. வெளிக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு முற்பகல். கூட்டமான நேரம். ஐஸ் ஏற்றுகிற சின்ன லோடு வண்டி ஒன்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நின்றது. அதன் தட்டில் காளிதாஸைக் கிடத்தியிருந்தார்கள். ஐஸ் தண்ணீரில் உடம்பெல்லாம் நனைந்திருந்தது. கரையில் வலையைத் தட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தவர். ஒரு வலிப்பு நிற்க, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது பிடித்துக்கொண்டது. வண்டியிலிருந்து இறக்கும்போது நான்காவதோ ஐந்தாவதோ.

நான் ஜன்னலை விட்டுவிட்டு ஓடினேன். பிரிட்ஜிலிருந்து ஊசி மருந்தை எடுத்து, குப்பியின் கழுத்தை உடைத்து நர்ஸிடம் கொடுத்தேன். நரம்பு கிடைக்கவில்லை. கை முறுக்கிக்கொண்டு இழுத்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் புறங்கையில் ஊசியை ஏற்றினார். முதல் மருந்துக்கு நிற்கவில்லை. மறுபடி கொடுத்தோம். சலைனில் அடுத்த மருந்தைக் கலந்து ஓடவிட்டோம். உதடு நீலம் பூத்தது. டாக்டர் ஆக்சிஜன் முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்படியே தலையைத் திருப்பி இந்திராணியிடம் கேட்டார்.

"மாத்திரை எப்படிக் குடுத்தீங்கம்மா?"

"தப்பாமக் குடுத்தேன் டாக்டரம்மா. ஒரு தடவகூட விடல."

"நேத்து ராத்திரி?"

"நேத்தா? நேத்து எதுக்குங்க? அமாவாசைக்கு இன்னும் ஏழு நாளு கெடக்கே."

டாக்டர் முகமூடியிலிருந்து கையை எடுக்காமலே, "யாரும்மா அப்படிச் சொன்னா?" என்றார்.

"கம்பவுண்டர் சாருதான் சொன்னாரு, அமாவாசை பவுர்ணமிக்கு மட்டும்னு. மொத நாளு, அன்னைக்கி, மறுநாளு, மூணு ராத்திரியும் நானே வாயில போட்டு முழுங்க வெப்பேன். மத்த நாளு கடலுக்குப் போவணும்ல, தூக்கம் வந்துரும்ல. நடுவுல ரெண்டு வாட்டி லேசா வந்துச்சு. அது அமாவாசை இல்ல, அதனால வெயில்ல வந்ததுன்னு இருந்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க சார். நீங்க சொன்ன மாதிரிதான செஞ்சேன்?"

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார் அந்தப் பெண். அவர் முகத்தில் குற்றம் சாட்டுகிற சாயலே இல்லை. சொன்னபடி நடந்தவள் என்று டாக்டரம்மாவிடம் நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

தினமும் போட வேண்டிய மாத்திரையை மூன்று நாள் போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் நிறுத்தி, மறுபடி மூன்று நாள் போட்டு, மறுபடி நிறுத்தி... இந்த மருந்தை அப்படி விட்டுவிட்டுக் கொடுத்தால் அதுவே வலிப்பை இழுத்து வரும். இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக டாக்டரே ஏறினார். நானும் ஏறப்போனேன்.

"நீங்க வேண்டாம்" என்றார். "லைன் நிக்குது. போய் மருந்து குடுங்க."

போனேன். ஏழெட்டுப் பேருக்குப் பிறகு ஒரு பெரியவர் தன் மகளுக்கு வலிப்பு மாத்திரை வாங்க வந்து நின்றார். அவரும் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தார். அதுவரை யாரிடமும் கேட்காததை அன்று கேட்டேன்.

"ஐயா, மாத்திரைய எப்படிக் குடுக்குறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் தம்பி. கவர்ல நிலாவே போட்டுக் குடுத்துட்டீங்களே. நெற நிலாவுக்கும் அமாவாசைக்கும் குடுத்துருவோம்."

அவர் கவரில் இருந்த நிலாவை அடித்துவிட்டு, எல்லா நாளும் கொடுக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் டாக்டர் திரும்பி வந்தார். நான் அவர் அறை வாசலில் நின்றேன். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"'மட்டும்'னா சொன்னீங்க?"

"ஆமா மேடம். மத்த நாளு விட்டாலும் அன்னைக்கு விட்டுடக் கூடாதுங்கிற மாதிரி..."

"நீங்க நெனச்சது எனக்குப் புரியுது. அவங்களுக்கு என்ன கேட்டுச்சுன்னு நீங்க கேக்கல."

அவ்வளவுதான். அப்புறம் வலிப்புப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அடுத்த இரண்டு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலத்திலும் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். இன்னும் மூன்று வீட்டில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மிச்ச மாத்திரைகளைச் சாமி மாடத்தில், அரிசிப் பானையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் அதை எடுத்து வந்து, "ஒண்ணுகூட வீணாக்கல சார்" என்று காட்டினார்கள்.

காளிதாஸ் பதினோரு நாள் செயற்கை மூச்சில் இருந்தார். பிழைத்தார். ஆனால் ஐஸ் கட்டியை ஒற்றைக் கையால் இழுத்த அந்த ஆள் திரும்பவில்லை. வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வந்தது. மகளுடைய பெயர் சொல்ல நான்கு மாதம் ஆயிற்று. அதன்பின் தினமும் இரவு ஒரு மாத்திரை. வலிப்பு அமாவாசையிலும் வரவில்லை, அஷ்டமியிலும் வரவில்லை. ஒரு நாளும் வரவில்லை. முதலிலேயே அப்படிப் போட்டிருந்தால் அவர் நல்லபடியாக இருந்திருப்பார் என்பதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கவரில் நிலா வரைவதை நிறுத்தினேன். ஒவ்வொருவரையும், "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்தைக் கையில் கொடுப்பேன். கூட்டம் சத்தம் போடும். போடட்டும் என்று விட்டுவிடுவேன். இந்திராணி இறால் பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குப் போய்க்கொண்டே மாதாமாதம் தவறாமல் வந்தார். அவரும் திருப்பிச் சொல்லுவார்: "தெனமும் ராத்திரி ஒண்ணு." ஒன்பது வருடம். ஒரு நாளும் அவர் கண்ணைப் பார்த்து உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. ஏதோ விதி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் இருந்தபோது, இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. பஸ் பிடித்து ஜெகதாப்பட்டினம் போனேன். ஐஸ் பிளான்டுக்குப் பின்னால் அவர்கள் வீடு. காளிதாஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, சற்று நேரம் தேடி, "வா...ங்க" என்றார். இந்திராணி டீ போட எழுந்தார்.

"உக்காருங்கம்மா. ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

சொன்னேன். பரமசிவத்தின் தாளிலிருந்து ஆரம்பித்து, நான் பெருமைப்பட்டது, டாக்டர் சொல்லாததை நானாகச் சொன்னது, தூக்கம் வருகிறது என்றபோது திருப்பி அனுப்பாதது, பதிவேட்டில் இடைவெளியைப் பார்த்தும் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும். "நீங்க செஞ்சது தப்பில்ல. நான் சொன்னதுதான் தப்பு."

இந்திராணி சேலை முந்தானையை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"எல்லாந் தெரியும். இவரு பெரியாஸ்பத்திரியில கெடந்தப்ப, மூணாம் நாளே டாக்டரம்மா வந்து சொல்லிட்டாங்க. 'எங்க ஜன்னல்ல சொன்ன வார்த்தையாலதான் இப்படி ஆச்சு. நீங்க புகார் குடுக்கணும்னா குடுங்கம்மா. யாரு கேட்டாலும் நான் உள்ளதச் சொல்றேன்'ன்னு. எங்க எழுதிக் குடுக்கணும்னும் சொல்லிட்டுத்தான் போனாங்க."

அதற்குப் பிறகு அந்த டாக்டரோடு இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒன்றாக வீடு வீடாக அலைந்தோம். மாறுதலாகிப் போன அன்று என் கையைப் பிடித்து விடைபெற்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் பெண்ணோ ஒன்பது வருடம் மாதாமாதம் என் எதிரில் குனிந்து நின்றிருக்கிறார்.

"அப்ப ஏம்மா நீங்க புகார் குடுக்கல?"

"குடுத்தா ஒங்களத் தூக்கிருவாங்க. புதுசா ஒருத்தரு வருவாரு. அவரு வேற எதையாச்சும் சொல்லிக் குடுத்தா? நீங்க பயந்துபோயி ஒவ்வொரு ஆளையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டீங்க. லைன்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இந்த ஆளு இங்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் கையைக் கூப்பினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லல சார்" என்றார் இந்திராணி, குரலை உயர்த்தாமல். "தெரியும்னுதான் சொன்னேன்."

பிறகு எழுந்து, டீ போட உள்ளே போனார். நான் அந்த டீயைக் குடித்தேனா, எந்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன் என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை நினைவில்லை.